முதிர்ந்த பசுவின் வழித்தோன்றல்: மாற்றுத்தாய் மூலம் கன்று பெறலாமா?

வாழைச்சேனைப் பகுதியில் நெற்செய்கையும் மரக்கறிச் செய்கையும் நடாத்தும் கமக்காரருக்குப் பசுவும் எருமையும் பாலையும் தயிரையும் மட்டுமன்றி, வயலுக்கும் தோட்டத்துக்கும் வேண்டிய எருவையும் தருவனவாகும். நீண்டகாலம் வீட்டோடு வாழ்ந்த நல்ல பசுவொன்று முதுமையடையும்போது, "இதன் வழி அற்றுப்போகலாமா?" என்னும் கவலை உண்டாதல் இயல்பே. அக்கவலை வெறும் பாசத்தினால் மட்டும் எழுவதன்று. 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியிலும், பின்னர் நிகழ்ந்த நீண்ட போர்க்காலத்திலும் பல பட்டிகள் அழிந்தன. 2022ஆம் ஆண்டு டிசம்பரில் வீசிய குளிர்காற்றினாலும் மழையினாலும் வடக்குக் கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் மாண்டன. இத்தகைய அழிவுகளுக்குத் தப்பிய பசு, இவ்வூரின் வெயிலையும் வெள்ளத்தையும் தாங்கும் இயல்புடையதென்பதற்குத் தானே சான்றாகும்.

அத்தகைய பசுவின் கருவை இன்னொரு பசுவின் வயிற்றில் வைத்து வளர்த்துக் கன்று பெறும் முறை இக்காலத்தில் உண்டு. அம்முறை யாது, அது எதைத் தரும், எதைத் தராது, கமக்காரர் எவ்வாறு முடிவு செய்தல் வேண்டும் என்பன இத்துண்டுப் பிரசுரத்தில் விளக்கப்படுகின்றன.

மாற்றுத்தாய் முறையின் வரலாறு

1890ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த உவால்டர் ஈப் என்னும் அறிஞர், அங்கோரா இனப் பெண்முயலொன்றின் இரு கருக்களை எடுத்து வேறோர் இன முயலின் வயிற்றில் வைத்தார். அம்முயல் தன் குட்டிகள் நான்குடன் அங்கோராக் குட்டிகள் இரண்டையும் ஈன்றது. பசுவில் இம்முறையாற் பிறந்த முதற் கன்று பற்றி 1951ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விசுக்கொன்சின் மாநிலத்திலிருந்து அறிவிக்கப்பட்டது. குதிரையில் இம்முயற்சி 1970களில் யப்பானிலும் இங்கிலாந்திலும் கைகூடிற்று.

பசுவிற் செய்யும் விதம் வருமாறு: கரு தரும் பசுவுக்கு நான்கு நாட்கள் வரை காலையும் மாலையும் ஓமோன் ஊசி ஏற்றப்படும். இதனால் ஒரு முட்டைக்குப் பதிலாகப் பல முட்டைகள் முதிர்கின்றன. பின்பு அதற்குச் செயற்கை முறையிற் சினைப்படுத்தி, ஏறக்குறைய ஏழாம் நாளிற் கருப்பையை மருந்து நீரினாற் கழுவிக் கருக்களைச் சேகரிப்பர். அதே நாட்களில் வேட்கைக்கு வந்திருந்த வேறு பசுக்களின் கருப்பையில் அவை வைக்கப்படும். இப்பசுக்களே மாற்றுத்தாய்களாம். இருவகைப் பசுக்களின் வேட்கை நாளும் ஏறக்குறைய ஒன்றாக இருத்தல் வேண்டும். ஒரு நாளுக்கு மேற் பிந்தினும் முந்தினும் கரு தங்குதல் அரிது.

பிகானேரிற் பிறந்த குதிரைக் குட்டிகள்

இந்தியாவின் இராசத்தான் மாநிலத்துக்குரிய மார்வாரிக் குதிரை, உட்புறம் வளைந்த காதுகளால் அடையாளங் காணப்படும் பழைய இனமாகும். இவ்வினம் குறைந்து வருதல் கண்டு, பிகானேரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி நிலையத்தின் கிளையைச் சேர்ந்த அறிஞர் மாற்றுத்தாய் முறையை மேற்கொண்டனர். ஏழரை நாள் வளர்ந்த கருவொன்றைத் தாய்க்குதிரையிடமிருந்து எடுத்து வேறொரு குதிரையின் வயிற்றில் வைத்தனர். 2023ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள் 23 கிலோகிராம் நிறையுள்ள பெண்குட்டி பிறந்தது. அதற்கு "இராச் பிரதமா" எனப் பெயரிட்டனர். அதே ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், உறைநிலையிற் சேமித்து வைத்த கருவிலிருந்து "இராச் இமானி" என்னும் மற்றொரு பெண்குட்டி பிறந்தது.

இதிற் கமக்காரர் கவனித்தற்குரியது ஒன்றுண்டு. குதிரை, பசுவைப் போல ஓமோன் ஊசிக்கு எளிதில் இணங்கிப் பல முட்டைகளைத் தருவதில்லை. பெரும்பாலும் ஒரு முறைக்கு ஒரு கருவே கிட்டும். அவ்வொரு கருவுக்காக ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் கருவிகளும், பயிற்சி பெற்ற கைகளும், ஆயத்தமாக நிற்கும் மாற்றுத்தாய்க் குதிரைகளும் தேவைப்பட்டன. அருகிவரும் ஓரினத்தைக் காத்தற்கு இச்செலவு தகும். ஒரு வீட்டுக் கொட்டிலுக்கு அது தகுமா என்பதை வேறு அளவுகோல் கொண்டே அளத்தல் வேண்டும்.

இம்முறை தருவதும் தராததும்

முதலாவது, பிறக்கும் கன்று தாய்ப்பசுவின் மறுபிறப்பன்று. அதன் இயல்பிற் பாதி தாயிடமிருந்தும் பாதி காளையிடமிருந்தும் வருவது. தாயின் நிறமோ, சாந்த குணமோ, பால்வளமோ அவ்வாறே அமையுமென எவரும் உறுதி கூற முடியாது.

இரண்டாவது, மாற்றுத்தாய் தன் இயல்பைக் கன்றுக்கு வழங்குவதில்லையாயினும், கன்றின் பருமனை ஆளுகிறது. 1938ஆம் ஆண்டில் கேம்பிரிட்சைச் சேர்ந்த உவால்டன், அமண்ட் என்னும் அறிஞர் இருவர், பேருருவான சயர் இனக் குதிரையையும் சிற்றுருவான செற்லாந்துக் குதிரையையும் இருவழியும் கலந்து பார்த்தனர். கலப்பு ஒன்றேயாயினும் பெரிய தாய் பெரிய குட்டியையும், சிறிய தாய் சிறிய குட்டியையும் ஈன்றன. ஆதலின் மெலிந்த, வளர்ச்சி குன்றிய பசுவை மாற்றுத்தாயாக்கின் நல்ல கருவும் நலிந்த கன்றாகும். கன்று முதலிற் குடிக்கும் சீம்பாலும், அதன்வழி வரும் நோய்த் தடுப்பு வலிமையும் மாற்றுத்தாயுடையனவே.

மூன்றாவது மிக முக்கியமானது. முதிய பசுவின் குறை எங்கே உள்ளது என்பதை முதலில் அறிதல் வேண்டும். கால் நொண்டுதல், இடுப்பு முறிவு, முன்னைய ஈற்றிற் கருப்பை வெளித்தள்ளியமை முதலிய காரணங்களாற் கன்று சுமக்க இயலாத பசுவுக்கு மாற்றுத்தாய் உதவலாம். ஆனால், பெண் விலங்கு தன் முட்டைகள் யாவற்றையும் பிறக்கும்போதே கொண்டு பிறக்கிறது. வயது ஏற ஏற அவற்றின் தொகையும் தரமும் குறைகின்றன. குறை முட்டையில் இருப்பின் வேறொரு வயிறு அதனைத் திருத்தமாட்டாது. நெல் விதை பழுதாயின் வயலை மாற்றுவதாற் பயன் உண்டோ? அது போன்றதே இதுவும்.

செலவும் வரவும்

நன்கு பராமரிக்கப்படும் பண்ணைகளிலும், வைக்கப்பட்ட கருக்களில் ஏறக்குறைய பாதியே தங்குகின்றன. தங்கியவற்றிற் பாதி காளைக்கன்றாகலாம். எனவே ஒரு பசுங்கன்று பெறக் குறைந்தது நான்கு கருக்களும், நான்கு மாற்றுத்தாய்ப் பசுக்களும் வேண்டுமெனக் கணக்கிடல் தகும். முதிய பசு நான்கு கருக்களைத் தருமென்பதும் நிச்சயமன்று. சில பசுக்கள் பல கருக்களைத் தர, சில ஒன்றும் தருவதில்லை. கருத்தங்காத பசுக்களின் ஒரு வேட்கைக் காலமும், சில வேளைகளில் ஒரு பருவமும் வீணாகும். மேலும் இம்முறை, செயற்கை முறைச் சினைப்படுத்தலைப் போல ஊர்தோறும் கிடைக்கும் சேவையன்று. கடன் பெற்றோ, அடுத்த போகத்து விதைநெல்லுக்கும் உரத்துக்கும் வைத்த பணத்தை எடுத்தோ இம்முயற்சியில் இறங்குதல் எவ்வகையிலும் தகாது.

மகள்வழி விருத்தி

இங்கு கமக்காரர் பலர் மறந்துவிடும் உண்மையொன்றைக் கூறுதல் வேண்டும். முதிய பசு முன்னர் ஈன்ற கிடாரியோ பசுவோ பட்டியில் நிற்குமாயின், அதனிடம் தாயின் இயல்பிற் பாதி ஏற்கெனவே உள்ளது. மாற்றுத்தாய் மூலம் பெருஞ்செலவிற் பெறக்கூடிய கன்றிடம் இருக்கப்போவதும் அதே பாதியே. ஆகவே மகள் உள்ள இடத்தில் மாற்றுத்தாயைத் தேடுதல், வீட்டுக் கிணற்றை மூடிவிட்டு அயலூரில் நீர் தேடுதல் போலாகும். அம்மகளைத் தக்க காளையின் விந்தாற் சினைப்படுத்தி, அதன் பசுங்கன்றுகளை விற்காது வளர்த்தலே வழியைக் காக்கும் எளிய முறையாம். மகள் அயலவரிடம் விற்கப்பட்டிருப்பின், அதனையோ அதன் கன்றையோ திரும்ப வாங்குதலும் கரு மாற்றுவதிலும் மலிவானதே.

முதிய பசுவே மீண்டும் ஈனலாமா?

மகள் இல்லாதவிடத்து, பசுவையே மீண்டும் சினைப்படுத்தலாமா என ஆராய்தல் வேண்டும். வயதை முதலில் அறிக. கீழ்த்தாடையின் எட்டு நிலையான முன்பற்களும் ஏறக்குறைய நான்கு, ஐந்து வயதுக்குள் முளைத்துவிடும்; அதன்பின் அவற்றின் தேய்வைக் கொண்டே வயதை மதிப்பிடலாம். கொம்பின் வளையங்கள் ஈன்ற ஈற்றுக்களைக் காட்டுமேயன்றி ஆண்டுகளைச் சரியாகக் காட்டா. எனினும் ஆண்டுகளின் தொகையிலும் உடலின் நிலையே முக்கியமாகும். பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்:

1. பற்கள் மிகத் தேய்ந்தோ விழுந்தோ போகாது, மேய்ந்த புல்லை நன்கு அசைபோடுகின்றதா?

2. மழைக்காலம் முடிந்தபின் விலா எலும்புகள் தெரியாதபடி உடல் தேறுகின்றதா?

3. இருபத்தொரு நாட்களுக்கொரு முறை ஒழுங்காக வேட்கைக்கு வருகின்றதா?

4. முன்னைய ஈற்றில் நஞ்சுக்கொடி தங்குதல், கருப்பை வெளித்தள்ளுதல், ஈன்றபின் எழ இயலாது கிடத்தல் ஆகியன நேர்ந்தனவா? நேர்ந்திருப்பின் மீண்டும் நேரும் அபாயம் மிகுதி.

5. மடியின் காம்புகள் நான்கும் பழுதின்றி உள்ளனவா?

6. முன்பு கருச்சிதைவு நேர்ந்ததா? நேர்ந்திருப்பின் புரூசெல்லா நோய்க்கான பரிசோதனை செய்வித்தல் அவசியம். இந்நோய் மனிதரையும் பற்றும். ஆதலின் சிதைந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையாற் தொடலாகாது.

இவ்வினாக்களுக்கு நல்ல விடை கிடைப்பின், கால்நடை வைத்தியர் கருப்பையைச் சோதித்தபின் சினைப்படுத்தலாம். சிற்றுருவான நாட்டுப் பசுவுக்குப் பேருருவான இனத்தின் விந்தைத் தெரிவுசெய்தல் கூடாது. கன்று பெருத்து ஈற்றில் தாயின் உயிருக்கே ஆபத்து நேரலாம். காலையில் வேட்கை கண்டால் அன்று மாலையும், மாலையிற் கண்டால் மறுநாட் காலையும் சினைப்படுத்தல் முறையாம்.

தக்க காலம்

பசுவின் சினைக்காலம் ஒன்பதரை மாதம் அளவினது. பெப்ரவரி முதல் ஏப்பிரல் வரையிற் சினையுற்ற பசு நவம்பர் முதல் சனவரி வரையில் ஈனும். அது வடகீழ்ப் பருவமழையும் வெள்ளமும் மிகுந்த காலம். பெரும்போக வயல்களிற் பயிர் நிற்பதால் மாடுகளுக்கு மேய்ச்சலும் குறுகியிருக்கும். முதிய தாய்க்கும் இளங்கன்றுக்கும் அக்காலம் மிகக் கொடியது. மே, யூன் மாதங்களிற் சினைப்படுத்தின், பெப்ரவரி, மார்ச்சு மாதங்களிற் கன்று பிறக்கும். அப்போது மழை ஓய்ந்திருக்கும். அறுவடை முடிந்த வயல்களில் தாள் மேய்ச்சலும், புதிய வைக்கோலும் தாராளமாகக் கிடைக்கும்.

சினையின் இறுதிப் பகுதி மழைக்காலத்தில் வருவதால், மேட்டு நிலத்திற் கூரையுள்ள உலர்ந்த கொட்டில் முன்கூட்டியே அமைத்தல் வேண்டும். காற்று வீசும் புறத்தைக் கிடுகினால் மறைத்தல் நன்று. பல் தேய்ந்த பசுவுக்கு வைக்கோலைச் சிறிதாக நறுக்கிக் கொடுக்க. 100 கிலோகிராம் வைக்கோலுக்கு 4 கிலோகிராம் யூரியாவை 100 லீற்றர் நீரிற் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாதபடி மூடிப் பத்து நாட்களுக்குக் குறையாது வைத்துப் பதப்படுத்தின், வைக்கோல் மென்மையும் சத்தும் பெறும். இதனை இளங்கன்றுகளுக்குக் கொடுத்தலாகாது. யூரியாக் கரைசலை எந்த மாடும் குடித்துவிடாது காத்தலும் அவசியம். ஈன்றபின் பசு எழாது, காது குளிர்ந்து, கழுத்தை விலாப்பக்கம் மடித்துக் கிடப்பின், அது சுண்ணாம்புச் சத்துக் குறைவின் அடையாளம். தாமதமின்றிக் கால்நடை வைத்தியரை அழைத்தல் வேண்டும்.

முடிவு செய்யும் ஒழுங்கு

பசுவுக்கு மகளோ மகளின் கன்றோ உண்டாயின், அவற்றின் வழியே விருத்தி செய்க. இல்லையாயின், பசுவின் உடல்நிலை இடந்தருமிடத்துத் தக்க பருவத்தில் ஒரு முறை சினைப்படுத்திப் பார்க்க. சுமக்க இயலாது, ஆனால் ஒழுங்காக வேட்கைக்கு வரும் பசுவாயின் மாத்திரமே மாற்றுத்தாய் முறை பற்றிக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரிக்க. வேட்கையும் நின்றுவிட்ட பசுவின் பொருட்டுப் பணம் செலவிடுதல் வீண்.

பசுவுக்கு ஓய்வளித்தலும் ஒரு நன்றிக்கடனே. கன்றும் பாலும் தராத காலத்திலும் அதன் சாணமும் சிறுநீரும் கத்தரிக்கும் மிளகாய்க்கும் உரமாகும். பிள்ளைகளுக்குப் பாலூட்டிய பசுவை, இன்னொரு கன்று வேண்டுமென்னும் ஆசையால் ஈற்றிற் பறிகொடுத்தல் அன்பின் பயனாகாது.

பட்டியில் ஒவ்வொரு பசுவின் பிறப்பு, ஈற்று, கன்றின் பால், தந்தைக் காளை ஆகியவற்றை ஒரு கொப்பியிற் குறித்துவருவோர், தாய் முதிரும் முன்னரே அதன் நல்ல மகளைத் தெரிந்து நிறுத்திவிடுவர். ஆதலின் இப்போது இளமையோடு நிற்கும் பசுக்களுக்கு அக்கொப்பியை இன்றே தொடங்குவாராக. இது தொடர்பாக ஐயமுடையோர் தத்தம் பிரிவின் கால்நடை வைத்திய அலுவலகத்தை அணுகி, பசுவை நேரிற் காட்டி ஆலோசனை பெறுதல் நன்று.