வால்நட் கீறலை ஒளித்துவைக்கும்

கிதார் செய்யப் புதிதாக இறங்குகிறவர் யார் கேட்டாலும், ரோஸ்வுட்டைத் தள்ளிவைத்துவிட்டு வால்நட்டில் தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். பென்சில்வேனியாவில் நான் இருக்கும் பக்கம் கருப்பு வால்நட் சாலையோரத்திலேயே வளர்கிறது. இந்திய ரோஸ்வுட் கன மீட்டருக்குச் சுமார் 830 கிலோ கனம் என்றால், காய்ந்த வால்நட் 610 கிலோதான். சூட்டில் முரண்டு பிடிக்காமல் வளையும், உளிக்கு இணங்கும், பசையை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். இவ்வளவு சாதுவான மரம் காலை வாருவது ஒரே இடத்தில்தான்: உப்புத்தாள் போடும்போது.

பழுப்பு நிறமும் ரேகையும் சேர்ந்து கீறலை ஒளித்துவைத்துவிடும். காய்ந்த மரத்தை வெறும் கண்ணால் பார்த்தால் வழவழவென்று இருக்கும். முதல் பூச்சு விழுந்ததும் ரேகைக்குக் குறுக்கே போன ஒவ்வொரு கோடும் எழுந்து நிற்கும். அதன்பிறகு பூச்சைச் சுரண்டிவிட்டு முதலிலிருந்து வரவேண்டியதுதான்.

அதனால் என் பட்டறையில் உப்புத்தாளுக்குத் தடிமன் குறைக்கும் வேலை கிடையாது. பின்பலகையை ஏறத்தாழ 2.5 மி.மீ.க்கும், பக்கப்பலகைகளை 2 மி.மீ.க்குச் சற்று மேலும் கொண்டுவருவேன். டிரம் சாண்டரில் ஓட்டினாலும் அந்த அளவுக்கு முன்பே நிறுத்திவிடுவேன். 80 ஆம் எண் தாள் சுற்றிய டிரம் நீளவாக்கில் ஆழமான கோடுகளை விட்டுப்போகும். மிச்சம் வைத்த தடிமன் அந்தக் கோடுகளை எடுப்பதற்குத்தான். அதை எடுக்க உப்புத்தாளைவிட ஸ்கிரேப்பர் தகடு நல்லது. விளிம்பு சரியாக மடங்கியிருந்தால் தூளாக வராது, மெல்லிய சுருளாக வரும். தூள் வந்தால் தகடு மழுங்கிவிட்டது என்று பொருள். கிளை பிரியும் இடத்தில் அறுத்த பலகையில் ரேகை முன்னும் பின்னுமாக ஓடும். அங்கே இழைப்புளி போட்டால் செதில் செதிலாகப் பெயரும். தகட்டைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் அந்த இடமும் படிந்துவரும்.

பக்கப்பலகையை வளைக்கும்போதே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வால்நட்டில் டானின் இருக்கிறது. ஈரமும் இரும்பும் சேர்ந்து பட்டால் மரம் மைக்கறுப்பாகக் கறைபடும், அது உள்ளே இறங்கியும் விடும். நான் அலுமினியத் தாள் சுற்றித்தான் வளைப்பேன். ஸ்டீல் வுல்லையும் இதே காரணத்தால் பூச்சுக்கு முன்னால் இந்த மரத்தின் பக்கம் கொண்டுவருவதில்லை. உடைந்த ஒரு இழை துளைக்குள் தங்கிவிட்டால் போதும், தண்ணீர் கலந்த பூச்சு பட்டதும் கறுப்புப் புள்ளி.

உப்புத்தாளில் 120, 150, 180, 220 என்று ஒன்றுவிடாமல் போங்கள். அடுத்த எண் தாளின் வேலை, முந்தைய தாள் விட்ட கோட்டை எடுப்பது மட்டும்தான். 120க்குப் பிறகு நேரே 220க்குத் தாவினால் கோட்டின் முகடு மட்டும் மழுங்கும், பள்ளம் அப்படியே இருக்கும். எண் மாற்றும் முன் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்கிவிட்டு, கிறுக்கல் முழுதும் போகும்வரை தேய்ப்பது நல்ல பழக்கம். கார்க் ஒட்டிய கட்டையில் தாளைச் சுற்றி, ரேகையோடு மட்டும் போகவேண்டும். அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு கைவிளக்கைப் பலகையோடு படுக்கவைத்துப் பாருங்கள். தலைக்கு மேலிருந்து விழும் வெளிச்சத்தில் தெரியாத கீறலுக்கெல்லாம் அப்போது நிழல் விழும்.

பெட்டியை மூடிய பிறகு பின்பலகையில் சுழல் சாண்டரை வைத்து அழுத்துவது ஆபத்து. உள்ளே தாங்குக்கட்டை ஒட்டிய இடம் அசையாது, கட்டைகளுக்கு இடைப்பட்ட இடம் அமுங்கிக்கொடுக்கும். ஆகவே கட்டைக்கு மேலே மட்டும் மரம் கூடுதலாகத் தேயும். வெளியே பார்த்தால் தெரியாது, தடிமானி வைத்தால் தெரியும்.

180 முடிந்ததும் பிழிந்த ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால், நசுங்கிக் கிடந்த நார்கள் முள்முள்ளாக எழும். பிறகு 220ஐ மென்மையாக ஓட்டினால் அவை போய்விடும். 220க்கு மேல் போவதில் பயன் அதிகமில்லை. கழுத்தின் அடிப்பகுதி மட்டும் விதிவிலக்கு. அங்கே நாரின் வெட்டுமுனை வெளியே தெரிவதால் பூச்சை உறிஞ்சிக் கறுத்துவிடும். அந்த இடத்துக்கு 320, தேவைப்பட்டால் 400.

நாஃப்தா நனைத்த துணியால் துடைத்தால் பூச்சு போட்டதுபோல் நிறம் சில நொடிகள் தெரியும். கீறலோடு, துடைக்காமல் விட்ட பசைத் திட்டுகளும் வெளிறிக் காட்டிக்கொடுக்கும். ஆல்கஹால் வேண்டாம். ஏனென்றால் அதற்குள் முன்பலகை ஸ்புரூஸின்மேல் அரக்குப் பூச்சு ஒன்று கொடுத்திருப்பீர்கள், ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். கொடுக்கவில்லையென்றால் வால்நட்டைத் தொடும் முன் கொடுத்துவிடுங்கள். பழுப்புத் தூள் வெள்ளை ஸ்புரூஸின் நாருக்குள் இறங்கினால் அழுக்குச் சட்டைக் காலர்தான். தூளைக் கையால் தள்ளாமல் வாக்குவம் வைத்து இழுக்கவேண்டும்.

துளை அடைப்பதில் ஆளுக்கொரு கட்சி. கண்ணாடிப் பளபளப்பு வேண்டுமென்றால் எபாக்சியால் அடைத்து மட்டமாகத் தேய்க்கத்தான் வேண்டும். எனக்குக் கழுத்தில் துளை திறந்திருப்பதே பிடிக்கும், கை ஒட்டாமல் வழுக்கும்.

முகமூடியில் சமரசம் கூடாது. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கிறது. அதோடு வால்நட் தூள் சிலருக்குத் தோலிலும் கண்ணிலும் எரிச்சல் தரும். இந்தப் பக்கம் குதிரை வளர்ப்பவர்கள் நிறைய. லாயத்தில் பரப்ப மரச்சீவல் கேட்டு வந்தால் வால்நட் கலந்த மூட்டையைக் கொடுத்துவிடாதீர்கள். அதன்மேல் நின்றாலே குதிரையின் குளம்புக்குள் அழற்சி வரும். தக்காளிப் பாத்தியிலும் கொட்டவேண்டாம், செடி வாடிவிடும். என் மூட்டைகள் குப்பை வண்டிக்குத்தான் போகின்றன.