அயலார் வாயிலும் அபய தானமும்

கொல்லாமை என்னும் முதற் சீலத்தை நாள்தோறும் ஓதுகிறோம். அதனை வீட்டு வாயிலில் வைத்து எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு, நம் சங்கத்து மூத்த உபாசகர் ஒருவரால் அண்மையில் நமக்குக் கிட்டிற்று. அவருடைய மகள் கணவருடனும் ஏழு வயது மகனுடனும் அமெரிக்காவில் வாழ்கிறார். அடுத்த தெருவிலுள்ள ஒரு குடும்பத்தார், தம் பிள்ளையோடு விளையாடச் சிறுவனை அனுப்புமாறு அன்புடன் அழைத்தனராம். "உங்கள் வீட்டில் துப்பாக்கி உண்டா என்று முதலில் கேட்கலாமா, அப்பா? கேட்டால் அவர்களை ஐயுற்றதாக ஆகிவிடாதா?" என்று மகள் வினவினார். தந்தையார் விடை தெரியாமல் அவ்வினாவை நம்மிடம் கொணர்ந்தார்.

நம்மிற் சிலர் நகைத்தனர். அதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றமாகும். 2019இல் நிறைவேறிய திருத்தத்திற்குப் பின், உரிமம் பெற்றவரும் பொதுவாக இரண்டிற்கு மேல் வைத்திருத்தல் இயலாது. காவலர் தோளிலும் வங்கி வாயிலிலும் அன்றி வேறெங்கும் துப்பாக்கியைக் கண்டிராத நாம், விருந்துக்குச் செல்லுங்கால் செருப்பை எங்கே கழற்றுவது என்று எண்ணுவோமேயன்றி இதை எண்ணுவதில்லை. அமெரிக்காவின் நிலை வேறு. 2023இல் பியூ ஆராய்ச்சி மையம் நடத்திய ஆய்வில், வயது வந்தோரில் 32 விழுக்காட்டினர் தமக்குச் சொந்தமாகத் துப்பாக்கி உண்டு என்றனர். அவர்களுள் 72 விழுக்காட்டினர் தற்காப்பையே முதன்மையான காரணங்களுள் ஒன்றாகக் கூறினர். அவர்களைக் கொடியோர் என்று இகழ்தல் தகாது. காவல் நிலையம் தொலைவிலுள்ள நாட்டுப்புறத்தில் தனித்து வாழ்பவரின் அச்சம் பொய்யான அச்சமன்று. ஆயினும் அவ்வச்சத்தோடு ஆயுதமும் சேர்ந்தால் வாயிலில் நிற்கும் அயலான் என்ன ஆகிறான் என்பதே நம் ஆராய்ச்சி.

1992 அக்டோபர் 17 அன்று, லூசியானா மாநிலத்துப் பேட்டன் ரூஜ் நகரில், பதினாறு வயது ஜப்பானிய மாணவர் ஒருவர் ஹாலோவீன் விருந்தொன்றுக்கு மாறுவேடம் பூண்டு நண்பரோடு சென்றார். வீட்டு எண்ணைத் தவறாகக் கொண்டு வேறொரு வீட்டின் மணியை அழுத்தினர். கதவைத் திறந்த பெண்மணி அஞ்சி மூடிக்கொண்டு, துப்பாக்கியை எடுக்குமாறு கணவரிடம் கூறினார். திரும்பிச் சென்றுகொண்டிருந்த மாணவர், கணவர் வெளிவரக் கண்டு, விருந்துக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே மலர்ந்த முகத்துடன் அவரை அணுகினார். 'ஃப்ரீஸ்' என்று அவர் கூவினார். உறைதல் என்னும் பொருளுடைய அச்சொல்லை, அசையாதே என்னும் ஆணையாக அம்மாணவர் உணராதிருந்திருக்கலாம். ஒரே குண்டில் உயிர் போயிற்று. 1993 மே மாதத்தில் நடுவர் குழு வீட்டுக்காரரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. மறு ஆண்டு உரிமையியல் நீதிமன்றம் அவர் இழப்பீடு தர வேண்டுமென்று தீர்த்தது. பெற்றோரோ பழிக்குப் பழி நாடவில்லை. வீடுகளிலிருந்து துப்பாக்கியை நீக்குமாறு வேண்டும் விண்ணப்பத்திற்குப் பதினேழு இலட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டி, 1993 நவம்பரில் அதிபர் கிளிண்டனைக் கண்டனர்.

இது பழங்கதையன்று. 2023 ஏப்ரல் 13 அன்று கன்சாஸ் நகரில், தம்பியரை அழைத்துவரச் சென்று தவறான வீட்டு மணியை அழுத்திய பதினாறு வயதுக் கறுப்பினச் சிறுவனை எண்பத்து நான்கு வயது முதியவர் கதவின் வழியே சுட்டார்; சிறுவன் உயிர் தப்பினான். இரு நாள் கழித்து நியூயார்க் மாநிலத்தில், வழி தவறி ஒருவர் வீட்டுப் பாதையில் திரும்பிய காரில் இருந்த இருபது வயது நங்கை சுடப்பட்டு இறந்தார். சுட்டவர் 2024இல் கொலைக் குற்றத்திற்கு 25 ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை பெற்றார்.

இந்நிகழ்ச்சிகளிற் சுட்டவர் எவரும் கொலை செய்யும் எண்ணத்தோடு காலையில் எழுந்தவராகத் தோன்றவில்லை. காப்பிற்கென வைத்த பொருள், அச்சத்தைத் தணிப்பதற்கு மாறாக அச்சத்திற்குக் கையும் விரலும் கொடுத்துவிட்டது. பகவர் சுத்த நிபாதத்து அத்ததண்ட சுத்தத்தில், ஆயுதம் ஏந்துவதிலிருந்தே அச்சம் பிறக்கிறது என்று சுட்டியதன் கருத்து இதுவே என நாம் கொள்கிறோம். அங்குத்தர நிகாயம் கொல்லாமையை ஒரு பெருந்தானமாக எண்ணுகிறது. அதை மேற்கொண்டவன் எண்ணற்ற உயிர்களுக்கு அபயம் தருகிறான். தானும் அவ்வபயத்தில் பங்கு பெறுகிறான். நம் வாயிலுக்கு வரும் அயலான், வழி தவறியவனாயினும், அத்தானத்திற்கு உரியவனே. பிக்குகளுக்குரிய சேகிய விதிகளில், கையில் ஆயுதம் ஏந்தியவனுக்கு, அவன் நோயாளியல்லாதவிடத்து, தம்மம் போதித்தல் ஆகாது என்று ஒரு விதியுண்டு. அது மரியாதை பற்றிய விதி. எனினும், ஆயுதத்தைப் பற்றிய கை உள்ள இடத்தில் செவி திறந்திருப்பதில்லை என்ற பொருளும் நமக்கு அதில் தோன்றுகிறது. ஜப்பானிய மாணவர் சொன்ன சொல் வீட்டுக்காரர் உள்ளத்தில் ஏறவில்லை அல்லவா?

சரி, உபாசகரின் மகள் கேட்கலாமா? சங்கத்தில் ஒருவர், "விருந்துக்கு அழைப்பவரிடம் இப்படிக் கேட்டல் பண்பன்று" என்று வன்மையாக மறுத்தார். நாம் உடன்படவில்லை. பகைவனிடம் எவரும் இதைக் கேட்பதில்லை. நம் குழந்தையை ஒப்படைக்கத் துணிந்தவரிடமே கேட்கிறோம். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமே பெற்றோர் இவ்வாறு கேட்டறிய வேண்டுமென்று அறிவுறுத்துகிறது. துப்பாக்கியில் தோட்டா இராமை, அது பூட்டப்பட்டிருத்தல், தோட்டாக்களை வேறிடத்தில் பூட்டி வைத்தல் என்பன அக்கழகம் கூறும் காப்பு முறைகள். சினமோ ஏளனமோ தோன்றாமல் கேட்பது மட்டுமே நம் கடன். அது நல்வாய்மையைச் சார்ந்தது. அந்நாட்டிற்குச் செல்லும் நம் பிள்ளைகள், முன்பின் அறியாதவர் வீட்டிற்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுச் செல்லுதலும், எண்ணை இருமுறை சரிபார்த்தலும், எவரேனும் கூவினால் கைகள் தெரிய அசையாது நிற்றலும் நன்று. இதைச் சொல்ல நேர்ந்தது வருத்தமே.

மகளுக்குத் தந்தையார் அவ்வாறே எழுதினார். பத்து நாளில் மறுமொழி வந்தது. அவர் கேட்டாராம். அவ்வீட்டு அம்மையார் முகம் கோணவில்லை. வேட்டைத் துப்பாக்கிகள் இரண்டு இரும்புப் பெட்டகத்தில் இருப்பதாகவும், சாவி தம் கணவரிடம் உள்ளதாகவும் கூறிவிட்டு, "அடுத்த வாரம் என் மகன் உங்கள் வீட்டிற்கு வருவானே, மருந்துப் புட்டிகளை எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டாராம். அன்று மாலையே மகள் தம் மாமியாரின் மாத்திரைகளை மேசையிலிருந்து எடுத்து அலமாரியில் பூட்டினார்.