ஒரு பவுண்டு கடனில் தொடங்கிய ஓட்டம்



பொங்கலுக்கு ஊரில் ஓட்டப்போட்டி வைப்பார்கள். முதல் வருஷம் மைக்செட், பேனர், எவர்சில்வர் பரிசு என்று அமர்க்களமாக இருக்கும். இரண்டாம் வருஷம் ஆள் குறையும். மூன்றாம் வருஷம், முன்னால் நின்று நடத்தின தம்பி திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று அதுவும் நின்றுவிடும். நூறு வருஷம் தாண்டி நடக்கிற ஓட்டமும் உலகத்தில் இருக்கிறது. அது எப்படி நிலைத்தது என்று இந்த மாதம் படிப்போம்.

தென்னாப்பிரிக்காவில் டர்பன் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. 1860 முதல் நம் தமிழ் மக்கள் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போன ஊர் அது. அங்கிருந்து உள்ளே மேட்டுப் பகுதியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க். 1893-ல் காந்தியடிகளை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஊர். இந்த இரண்டு ஊருக்கும் நடுவே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓடுவதுதான் 'காம்ரேட்ஸ் மாரத்தான்'.

சிறிதாகத் தொடங்கினார்கள்

விக் கிளாப்பம் என்பவர் ரயில் ஓட்டுநர். முதல் உலகப் போரில் இறந்த வீரர்களின் நினைவாக இந்த ஓட்டத்தை நடத்த, முன்னாள் வீரர்கள் சங்கத்திடம் அனுமதி கேட்டார். மறுத்தார்கள். விடாமல் மறுபடியும் கேட்டார். 1921-ல்தான் சம்மதித்தார்கள். செலவுக்குக் கொடுத்தது ஒரே ஒரு பவுண்டு. அதுவும் திருப்பித் தரவேண்டிய பணம்! அந்த வருஷம் 34 பேர் ஓடி, 16 பேர் முடித்தார்கள். ஆள் குறைவு என்று கைவிடவில்லை. இன்று பல ஆயிரம் பேர் ஓடுகிறார்கள்.

பொறுப்பைப் பிரித்தார்கள்

கிளாப்பமுக்குப் பிறகு ஓட்டக்காரர் மன்றம் ஒன்று பொறுப்பேற்றது. இப்போது இதற்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. வழி நெடுகத் தண்ணீர் கொடுப்பது தன்னார்வலர்கள். ஒருத்தர் இல்லாவிட்டாலும் வேலை நிற்காது. நம் குழுவில் ஊக்குநர், பிரதிநிதி பொறுப்பை மாற்றிக் கொடுப்பதும் இதற்காகத்தானே?

கடைசி ஆளையும் மதித்தார்கள்

பரிசு முதல் மூன்று பேருக்கு மட்டும் என்றால் மற்றவர்கள் அடுத்த வருஷம் ஏன் வரப்போகிறார்கள்? இங்கே 12 மணி நேரத்துக்குள் முடிக்கிற எல்லோருக்கும் பதக்கம் உண்டு. பத்து முறை முடித்தவருக்கு, அவர் ஓடிய எண் நிரந்தரமாகச் சொந்தம். அதனால் ஒரு முறை வந்தவர் திரும்பத் திரும்ப வருகிறார். ஆனால் நேரக் கணக்கில் தயவு கிடையாது. சரியாக 12 மணி நேரம் ஆனதும் துப்பாக்கி வெடிக்கும். ஓடி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுதான் சுடுவார்கள், முகம் பார்த்து மனம் இளகக் கூடாதல்லவா? விதி எல்லோருக்கும் ஒன்று என்பதால்தான் அந்தப் பதக்கத்துக்கு மதிப்பு.

தவறைத் திருத்தினார்கள்

1923-ல் பிரான்சஸ் ஹேவர்ட் என்ற பெண் பெயர் கொடுத்தார்; சேர்த்துக்கொள்ளவில்லை. ஆனாலும் ஓடி முடித்தார். பதக்கம் இல்லை. பார்த்தவர்களும் கூட ஓடியவர்களும் பணம் போட்டு வெள்ளித் தேநீர்ப் பாத்திரங்கள் வாங்கிக் கொடுத்தார்கள். பெண்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் முறைப்படி கதவு திறந்தது 1975-ல்தான். 54 வருஷம் பாதி ஊரை வெளியே நிறுத்தி வைத்திருந்தார்கள். கதவு திறந்த பிறகுதான் அது எல்லோருடைய ஓட்டமானது.

நின்றாலும் மறுபடி தொடங்கினார்கள்

உலகப் போரால் 1941 முதல் 1945 வரையும், கொரோனாவால் 2020, 2021-லும் ஓட்டம் நடக்கவில்லை. நின்றதோடு முடிந்தது என்று விட்டுவிடாமல், 1946-லும் 2022-லும் மறுபடி நடத்தினார்கள்.

கூட்டத்தில் பேசுவோம்

1. நம் ஊர்ப் போட்டிக்கு யார் பொறுப்பு? அவர் இல்லாவிட்டால் யார்?
2. வரவு செலவை ஊரார் முன்னால் வாசிக்கிறார்களா?
3. கடைசியாக வந்து சேர்கிற பிள்ளைக்கு என்ன கொடுக்கிறோம்?
4. அங்கே பெண்களுக்குக் கோலம் போடுகிற வேலை மட்டும்தானா? நம் மகள் ஓடுகிறாளா? விழாக் கமிட்டியில் நம்மில் எத்தனை பேர்?

பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த பொங்கலுக்கு அதை எடுத்துப் பார்ப்போம்.