சுவரைக் காயப்படுத்தாத நெம்புகோல்

அமெரிக்க வீடுகளில் சுவரின் அடியோரமாக நீளப் பலகை ஒன்றை ஆணியடித்துப் பொருத்தியிருப்பார்கள். அதைக் கழற்ற வேண்டுமானால் என்ன செய்வீர்கள்? கடப்பாரையை நினைக்காதீர்கள்! அங்கே பல வீடுகளில் சுவர் செங்கல் அல்ல. மரத்தூண்களின்மேல் அறைந்த, அரை அங்குலக் கனமுள்ள ஜிப்சம் அட்டைதான்.

முதலில் பலகையும் சுவரும் கூடுமிடத்தில் கூரிய கத்தியால் கீற வேண்டும். பெயின்ட் இரண்டையும் ஒட்டியிருக்கும். கீறாமல் இழுத்தால் அட்டையின் மேல்தாளும் உரிந்து வரும்.

இனி நெம்புகம்பி. அதன் வளைவு சுவரில் ஊன்றுகிறது. ஊன்றுமிடத்திலிருந்து நுனி 3 செ.மீ., கைப்பிடி 30 செ.மீ. என்று கொள்வோம். கையால் 5 கிலோகிராம் எடையளவு விசை கொடுத்தால், நுனி 50 கிலோகிராம் எடையளவு விசையுடன் பலகையைத் தள்ளும். சரி, ஆதாரப்புள்ளியில் என்ன நடக்கிறது? கணக்குப் போடும்போது பலரும் மறப்பது இதைத்தான். இரண்டும் சேர்ந்து 55 கிலோகிராம் எடை சுவரை அழுத்துகிறது! தொடும் பரப்பு 1 சதுர செ.மீ. எனில் ஜிப்சம் குழிந்துவிடும். பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள கனத்த மரத்துண்டை இடையே வையுங்கள். பரப்பு 100 மடங்கு. அழுத்தம் நூறில் ஒரு பங்கு. விசை குறையவில்லை, பரவிவிட்டது. உள்ளே தூண் நிற்குமிடத்தில் வைத்தால் இன்னும் நல்லது. தூண்கள் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்றாக இருக்கும், ஆணிகளும் அங்கேதான்.

ஒரே இடத்தில் நெம்பினால் பலகை முறியும். சிறிது நெம்பி, இடைவெளியில் ஆப்புச் செருகி, அடுத்த ஆணிக்கு நகர வேண்டும்.

பலகை வந்தபின் ஆணிகளை முன்பக்கமாகத் தட்டாதீர்கள். அவற்றின் தலை சிறியது. பின்பக்கமிருந்து குறட்டால் இழுத்தால் தலை மரத்தினூடே வந்துவிடும். முன்பக்கத்து மக்கும் பூச்சும் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.