தொடுதிரையை லினக்ஸ் கண்டுகொள்ளவில்லையா? மெஷினைத் திருப்பிக் கொடுக்கு முன்...

மாத்தளை நகரின் திருகோணமலை வீதியிலிருந்து உக்குவளை, கலேவெல, தம்புள்ளை வரைக்கும் கடைகளின் காசு மேசையில் தொடுதிரை பில் மெஷின் இருப்பது இப்போது அதிசயமல்ல. ஆனால் நான் பார்த்தவற்றில் பல புதியவை அல்ல. வெளிநாட்டுச் சுப்பர் மார்க்கட்டுகளிலும் உணவகங்களிலும் சில வருடங்கள் உழைத்து, கழிக்கப்பட்டு, கொழும்பு வழியாக நமதூருக்கு வந்து சேர்ந்தவை. 2022 மார்ச் ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் அதே வருடம் மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. அதற்குப் பின் சிறு வியாபாரி ஒருவர் பாவித்த மெஷினைத் தேடிப் போவதைக் குறை சொல்ல முடியாது.

இந்த மெஷின்களுக்குள் பெரும்பாலும் பழைய விண்டோஸ்தான் இருக்கும். விண்டோஸ் எக்ஸ்பீக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியிலும் மைக்ரோசொஃப்ட் தனது வழமையான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11ஐப் போடலாம் என்றால் பழைய புரொசசரையும், பாதுகாப்புச் சிப் இல்லாத போர்டையும் அது ஏற்பதில்லை. திருட்டுப் பிரதி ஒன்றைப் போட்டுக்கொள்வோம் என்று சிலர் எண்ணுகிறார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணனி மென்பொருளையும் பாதுகாக்கிறது. அது மட்டுமல்ல, 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, பதிப்புரிமை போன்ற கண்ணுக்குத் தெரியாத உரிமைகளும் ஷரீஅத்தில் மதிக்கப்படும் சொத்துக்களே, அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்திருக்கிறது. ஹலாலான கொள்முதலில் அவ்வளவு கவனமாயிருக்கும் நாம், பில் போடும் மெஷினுக்குள் இருப்பதைப் பற்றி யோசிக்காமல் விடுவது சரியல்ல. எனவே லினக்ஸுக்கு வருகிறோம். அது இலவசம், சட்டபூர்வமானது, பழைய மெஷினிலும் ஓடும். ‘இலவசமென்றால் தரமிருக்காது’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2004 சுனாமிக்குப் பின் நிவாரணப் பணிகளை ஒழுங்குபடுத்த நமது நாட்டுப் பொறியியலாளர்கள் எழுதிய ‘சஹானா’வும் இத்தகைய சுதந்திர மென்பொருள்தான்.

பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. லினக்ஸ் ஏறிவிடும், படம் தெரியும், விசைப்பலகை வேலை செய்யும். திரையைத் தொட்டால் மட்டும் அசைவே இராது. “டச் வேலை செய்யுதில்ல நானா, லினக்ஸுக்கு இந்த மெஷின் ஒத்துவராதாம்” என்று யாரோ சொன்னதை நம்பி, ஒருவர் மெஷினை மூலையில் போட்டுவிடுகிறார். இன்னொருவர் விற்றவரோடு சண்டைக்குப் போகிறார். ‘ஒத்துவராது’ என்பது நோயின் பெயரல்ல. விரல் பட்ட செய்தி ப்ரோக்ராமுக்குப் போய்ச் சேர நாலைந்து வாசல்களைக் கடக்க வேண்டும். எந்த வாசலில் நின்றது என்று பார்த்தால்தான் செலவு தேவையா, தேவையென்றால் அது யாருடைய செலவு என்று சொல்ல முடியும்.

முதல் வாசல் வயர். தொடுதிரை மொனிட்டருக்கு மின்சார வயரைத் தவிர இரண்டு வயர்கள் உண்டு. ஒன்று படத்தைக் கொண்டுவருவது, மற்றது தொட்ட இடத்தைக் கணனிக்குக் கொண்டுபோவது. படம் தெரிகிறது என்பதால் எல்லாம் இணைந்திருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. மாற்றி வைக்கும்போது இரண்டாவது வயர் கழன்று மேசைக்குக் கீழே கிடந்ததை நான் பல கடைகளில் கண்டிருக்கிறேன். நமது பகுதியில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொச்சிக்காயும் மஞ்சளும் அரைக்கும் கடைகளில் அந்தத் தூள் பிளக்கின் துவாரங்களுக்குள் படிந்துவிடுகிறது. மிளகு, கறுவா மூட்டைகள் அடுக்கிய ஸ்டோரில் எலிகளுக்கும் பஞ்சமில்லை. வேறு வயரும் வேறு துவாரமும் மாற்றிப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அடுத்தது, கணனி அந்தப் பொருளைக் காண்கிறதா என்ற கேள்வி. லினக்ஸில் டேர்மினல் எனப்படும் கட்டளைத் திரையைத் திறந்து எல், எஸ், யூ, எஸ், பி என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துத் தட்டி என்டரை அழுத்துங்கள். யூ.எஸ்.பி. துவாரங்களில் பூட்டியிருக்கும் எல்லாவற்றினதும் பட்டியல் வரும். இப்போது தொடுதிரையின் வயரைக் கழற்றிவிட்டு மீண்டும் அதே கட்டளையைக் கொடுங்கள். ஒரு வரி குறைந்தால் அந்த வரிதான் உங்கள் தொடுதிரை. ஈகேலக்ஸ், ஈலோ, மைக்ரோடச், பென்மவுண்ட் என்ற பெயர்களில் ஒன்று அதில் இருக்கலாம். பெயர் இல்லாவிட்டாலும் அடையாள எண் இருக்கும். உதாரணமாக 0596 என்று தொடங்கினால் அது மைக்ரோடச்சுடையது. யூ.எஸ்.பி. மொனிட்டராக இருந்து, வயரைக் கழற்றினாலும் மாட்டினாலும் பட்டியலில் மாற்றமே இல்லையென்றால் பழியை லினக்ஸ் மீது போட வேண்டாம். வயரோ, துவாரமோ, திரைக்குள் இருக்கும் சிறிய கொன்ட்ரோலர் போர்டோ பழுதாகியிருக்கிறது. எந்த விண்டோஸைப் போட்டாலும் அது உயிர்பெறப் போவதில்லை.

சீரியல் முறைத் திரைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மெஷின்கள் அநியாயமாகக் கழிக்கப்படுவது இங்கேதான். பழைய தொடுதிரைகள் பல யூ.எஸ்.பி.யில் வேலை செய்வதில்லை. ஒன்பது ஊசிகளைக் கொண்ட ஆர்.எஸ்.232 எனப்படும் சீரியல் துவாரத்தில் வேலை செய்கின்றன. யூ.எஸ்.பி. பொருளைப் பூட்டியவுடன் அது தன் பெயரையும் எண்ணையும் தானாகவே சொல்லும். சீரியல் பொருளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. கடைக்குள் ஸலாம் சொல்லாமல் வந்து மூலையில் நிற்கும் ஆளைப் போல அது சும்மா நிற்கும். நாம்தான் போய், நீங்கள் யார் என்று கேட்க வேண்டும். ஆகவே சீரியல் தொடுதிரையை லினக்ஸ் தானாகக் ‘கண்டுபிடிக்கவில்லை’ என்பது பழுதல்ல, அதன் இயல்பு. பழைய விண்டோஸிலும் யாரோ ஒருவர் உரிய ட்ரைவரைப் போட்டு, எந்தத் துவாரம் என்று குறித்துக் கொடுத்த பின்னர்தான் அது வேலை செய்தது.

லினக்ஸில் இதற்கென்று ‘இன்புட்அட்டாச்’ என்ற சிறிய ப்ரோக்ராம் இருக்கிறது. திரை என்ன இனம், எந்தத் துவாரத்தில் இருக்கிறது என்ற இரண்டையும் அதற்குச் சொல்ல வேண்டும். ஈலோ, மைக்ரோடச், பென்மவுண்ட் உட்படப் பல இனங்களை அது அறியும். துவாரத்தின் பெயர் டீ.டீ.வை.எஸ். பூச்சியம் என்று தொடங்கும். விண்டோஸில் கொம் 1 என்பது இங்கே பூச்சியம், கொம் 2 என்பது 1. திரையும் கணனியும் ஒன்றாகச் சேர்ந்த மெஷின்களில் வெளியே ஒன்பது ஊசித் துவாரத்தில் எதுவுமே பூட்டியிராது. உள்ளுக்குள்ளே மூன்றாவது அல்லது நான்காவது துவாரத்தில் இணைந்திருக்கலாம். பயோஸில் அந்தத் துவாரம் மூடப்பட்டிருக்கவும் கூடும். அதையும் திறந்து பார்க்க வேண்டும். மாத்தளையில் வாசனைத் திரவியம் கொள்முதல் செய்யும் ஒருவரின் மெஷின், ‘டச் செத்துவிட்டது’ என்று இரண்டு இடங்களில் தீர்ப்பளிக்கப்பட்டு என்னிடம் வந்தது. இனத்தையும் துவாரத்தையும் சொன்னதும் விரலுக்குப் பின்னால் அம்புக்குறி ஓடியது. ஒரு புதிய உதிரிப்பாகமும் வாங்கவில்லை. ஒன்றை மறக்கக் கூடாது: கணனியை அணைத்துப் போட்டால் இந்தக் கட்டளை மறந்து போகும். ஒவ்வொரு முறையும் தானாக ஓடும்படி ஆரம்பப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும்.

பட்டியலில் பெயர் இருந்தும் தொடுகை வேலை செய்யாவிட்டால் ட்ரைவர் விடயத்தைப் பார்க்க வேண்டும். டீ, எம், இ, எஸ், ஜி என்ற கட்டளைக்கு முன்னால் ‘சூடோ’ என்ற சொல்லையும் போட்டுத் தட்டினால், லினக்ஸின் கருவான கேர்னல் எழுதி வைத்த நாட்குறிப்பு வரும். வயரைக் கழற்றி மாட்டிய உடனே அதன் கடைசி வரிகளைப் பாருங்கள். தொடுதிரையை ‘இன்புட்’ சாதனமாகப் பதிவு செய்தேன் என்று அங்கே இருந்தால் கேர்னல் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. பிரபலமான யூ.எஸ்.பி. தொடுதிரைகளுக்கான ட்ரைவர்கள் கேர்னலுடனேயே வருகின்றன, தனியாகத் தேட வேண்டியதில்லை. பழைய சீடீயில் இருக்கும் கம்பனி ட்ரைவரைப் புதிய லினக்ஸில் ஏற்ற முயல்வதுதான் பெரும்பாலும் வீண்வேலை. அது அந்தக் காலத்துக் கேர்னலுக்காகச் செய்யப்பட்டது.

மலிவான டெப்லட்களை பில் போடப் பாவிப்பவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் தொடுதிரை யூ.எஸ்.பி.யில் இல்லாமல் போர்டுடன் உள்ளே நேரடியாக இணைந்திருக்கும். அதனால் முன்சொன்ன பட்டியலில் வராமல் இருப்பது குறையாகாது. சிலீட் என்ற சிப் பொருத்தியவை தனித் தொல்லை. அந்தச் சிப்புக்கு ஒவ்வொரு மொடலுக்கும் வெவ்வேறான ஒரு சிறிய கோப்பைக் கொடுத்தால்தான் அது விழிக்கும். அந்தக் கோப்பு அதனுடன் வந்த விண்டோஸுக்குள்தான் இருக்கும். எனவே டெப்லட்டில் உள்ள விண்டோஸை அழிக்கு முன் அதை முழுமையாகப் பிரதி எடுத்து வையுங்கள். அழித்த பின் தேடி அலைவதில் பயனில்லை.

தொட்டால் வேலை செய்கிறது, ஆனால் அரிசியைத் தொட்டால் சீனி விழுகிறது என்பது இன்னொரு முறைப்பாடு. இது சீராக்கும் வேலை மட்டுமே. ‘எக்ஸ்இன்புட் கலிபிரேட்டர்’ என்ற ப்ரோக்ராம் திரையின் நான்கு மூலைகளைத் தொடச் சொல்லும், பிறகு சேமிக்க வேண்டிய எண்களைத் தரும். வாடிக்கையாளருக்குத் தொகை காட்ட இரண்டாவது திரையும் பூட்டியிருந்தால், லினக்ஸ் உங்கள் விரலை இரண்டு திரைகளுக்கும் பொதுவாகப் பங்குபோட்டுவிடும். இடது பக்கம் தொட்டது எங்கோ போய் விழுவதற்கு அதுவே காரணம். தொடுகை இந்த ஒரு திரைக்கு மட்டும் என்று ‘எக்ஸ்இன்புட்’ மூலம் கட்டிவிட வேண்டும். வேலண்ட் என்ற புதிய காட்சி முறையில் இவை இரண்டும் சரியாக நடக்காது. கடைக்கு எக்ஸ்எஃப்சீஇ முகப்புள்ள லினக்ஸ் மின்ட் போதுமானது, பழைய மெஷினுக்கும் பாரமில்லை.

காலையில் வேலை செய்து, ளுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் தொடுகை உறங்கியிருக்கிறதா? யூ.எஸ்.பி. துவாரத்தின் மின்சேமிப்பாக இருக்கலாம், அதை நிறுத்திப் பாருங்கள். யாரும் தொடாமலே திரையில் எண்கள் தானாக விழுந்தால் கடையின் மின்சார இணைப்பைப் பாருங்கள். மெல்லத் தொட்டாலே உணரும் கண்ணாடித் திரைகள் எர்த் இல்லாத பிளக்கிலும் தரமற்ற எடெப்டரிலும் இப்படிப் பேய் பிடித்தது போல் ஆடும். இதற்கு இலெக்ட்ரீஷியன்தான் தேவை, கணனிக்காரர் அல்ல.

இனிப் பணத்துக்கு வருவோம். விற்கு முன்பே இருந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், பொருளின் பெறுமதியைக் குறைக்கும் குறை வெளிப்பட்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. பிக்ஹில் இதை ‘கியாருல் ஐப்’ என்கிறோம். கொன்ட்ரோலர் போர்டு முன்பே செத்திருந்தது என்றால் அது இந்த வகையில் வரும். சீரியல் திரைக்குக் கட்டளை கொடுக்கவில்லை, மூலைகளைச் சீராக்கவில்லை என்பவை குறைகளாக மாட்டா. அதற்காக நல்ல பொருளை விற்ற சகோதரரின் பெயரைக் கடைத்தெருவில் கெடுப்பது அநியாயம். ஷாபிஈ மத்ஹபின்படி குறை தெரிந்ததும் தாமதியாமல் திருப்ப வேண்டும். தெரிந்த பின்னும் இரண்டு மாதம் பில் போட்டுவிட்டுக் கொண்டுபோய் வைத்தால் அந்த உரிமை நழுவிவிடும். தகராறு வந்தால் விவரத்தை ஆலிம் ஒருவரிடம் எடுத்துச் சொல்லித் தெளிவு பெறுங்கள்.

நாட்டுச் சட்டத்திலும் இதற்கு ஒப்பான ஒரு விடயம் உண்டு. 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, என்ன தேவைக்கு வாங்குகிறேன் என்று வாங்குபவர் சொல்லி, அப்பொருளை வியாபாரமாகச் செய்யும் விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், அத்தேவைக்குப் பொருள் ஓரளவு பொருந்த வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் அடங்கிய நிபந்தனையாகக் கொள்ளப்படும். சொல்லாமல் வாங்கினால் அந்தப் பிடி உங்களிடம் இராது. ஆகவே, “இதில் லினக்ஸ் போட்டு, தொடுதிரையில் பில் போடப் போகிறேன்” என்பதை வாயால் சொல்லுங்கள், பில்லிலும் எழுதச் சொல்லுங்கள்.

வாங்கப் போகும்போது லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென்ட்ரைவ் ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டு போங்கள். மெஷினில் இருப்பதை அழிக்காமலே அதிலிருந்து ஓட விடலாம். மிகப் பழைய 32 பிட் புரொசசராக இருந்தால் அந்தப் பென்ட்ரைவ் ஏறவே ஏறாது. 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13 உட்படப் புதிய லினக்ஸ்கள் பலவற்றை அவற்றில் நிறுவ முடிவதில்லை. ஏறினால் திரையின் நான்கு மூலைகளையும் நடுவையும் தொட்டுப் பாருங்கள், வேலை செய்யாவிட்டால் பட்டியலைப் பாருங்கள், பின்பக்கத்தில் ஒன்பது ஊசித் துவாரம் இருக்கிறதா என்று பாருங்கள். விற்கும் சகோதரர்களும் தங்கள் பக்கத்திலிருந்து பில்லில் மூன்று விடயங்களை எழுதிக் கொடுக்கலாம்: மொடல் இலக்கம், தொடுதிரை யூ.எஸ்.பி.யா சீரியலா என்பது, குறை இருந்தால் எத்தனை நாளைக்குள் கொண்டு வர வேண்டும் என்பது. முழுமையாகப் பரீட்சிக்காத மெஷினாக இருந்தால் அதையும் அதே பில்லில் எழுதி, அதற்கேற்ற விலையைப் போடுங்கள்.