டாக்சிசைக்ளின் மாத்திரை: தோட்டத்தில் எழும் வினாக்கள்

டாக்சிசைக்ளின் என்னும் பெயர் நம் தோட்டங்களில் பலருக்குப் பழக்கமானதன்று. எனினும், அம்மாத்திரையை உட்கொண்டவர்கள் நம்மிடையே பலர் இருப்பர். பால்மரக் காட்டின் ஓரத்துப் புதர்களிலும் லாலாங் புல்லிலும் வாழும் சிற்றுண்ணியின் இளம்புழு கடித்தால் ‘புதர் டைபஸ்’ என்னும் காய்ச்சல் வரும். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் புண்பட்ட காலோடு நடந்தால் எலிக்காய்ச்சல் தொற்றும். இவ்விரண்டும் பாக்டீரியா கிருமிகளால் விளைபவை. இவற்றுக்கு மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் மருந்துகளுள் ஒன்று டாக்சிசைக்ளின். அது 1967-இல் விற்பனைக்கு வந்தது.

அது வேலை செய்யும் முறையை முதலில் அறிந்துகொள்வோம். கிருமி பெருக வேண்டுமாயின் புரதத்தை உண்டாக்க வேண்டும். டாக்சிசைக்ளின் அவ்வேலையைத் தடுத்து நிறுத்துகிறது. அவ்வாறு முடக்கப்பட்ட கிருமிகளை ஒழித்துக்கட்டும் பொறுப்பு பெரும்பாலும் நம் உடலையே சார்ந்தது. அதற்குச் சில நாட்கள் ஆகும்.

“இரண்டு நாளில் காய்ச்சல் விட்டுவிட்டதே, இன்னும் ஏன் விழுங்க வேண்டும்?” என்ற வினாவுக்கு விடை இதிலேயே இருக்கிறது. புதர் டைபஸ் கண்டவருக்கு இம்மருந்தைத் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் தணிவது வழக்கம். அன்றே அவர் வாளியையும் உளியையும் எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் புறப்பட்டுவிடுகிறார். மாத்திரை உறை அலமாரிக்குப் போய்விடுகிறது. முடங்கிக் கிடந்த கிருமிகள் மீண்டும் தலைதூக்குவதற்கு இது வழிவிடும். பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம் மாத்திரையைக் காலையும் மாலையுமாக ஏறத்தாழ 7 நாட்களுக்குக் கொடுப்பது பொதுவான முறை. நோய்க்கேற்ப அது மாறலாம். உறையின்மேல் எழுதியுள்ள நாட்கணக்கே நமக்குரிய கணக்கு.

இந்நோய்க்கு மருந்தே இல்லாதிருந்த காலமும் உண்டு. 1948-இல் ஜோசப் சுமேடல் என்னும் அமெரிக்க மருத்துவரின் குழுவினர் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு வந்து, குளோரம்பெனிகால் என்னும் வேறொரு மருந்தைப் புதர் டைபஸ் நோயாளிகளுக்குக் கொடுத்து வெற்றி கண்டனர். உலகம் வியந்த அம்மருத்துவச் செய்தி நம் நாட்டிலிருந்துதான் சென்றது.

மாத்திரையை விழுங்கும் முறையில்தான் நம்மவர் மிகுதியாகத் தவறுகின்றனர். விடியுமுன் வேலைக்கு விரையும் அவசரத்தில் வெறும் வாயிலோ ஒரு மிடறு நீரிலோ விழுங்கிவிடுவர். இரவு மாத்திரையைப் போட்டுக்கொண்டவுடன் பாயில் சாய்வர். அப்போது மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரைகிறது. அவ்விடம் வெந்து புண்ணாகிறது. மறுநாள் எச்சில் விழுங்கினாலும் நெஞ்சு எரியும். ‘மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்று அதை நிறுத்திவிடுவோரும் உளர். ஆகவே, உணவு உண்டபின் ஒரு குவளை நிறைய வெறும் நீருடன் விழுங்க வேண்டும். அதன்பின் அரை மணி நேரமாவது படுக்காமல் நிமிர்ந்திருக்க வேண்டும். இரவு மாத்திரையைப் படுக்கும் வேளைக்குத் தள்ளாமல் மாலை உணவோடு எடுத்துக்கொள்வதே நன்று.

“மைலோவோடு விழுங்கலாமா?” என்பர் சிலர். பால், கெட்டிப்பால் கலந்த தேநீர், வயிற்றெரிச்சலுக்கான மாத்திரை, இரத்தச்சோகைக்கான இரும்புச்சத்து மாத்திரை ஆகியவை இம்மருந்தைப் பற்றிக்கொண்டு அது இரத்தத்தில் சேர்வதைக் குறைக்கும். பாலால் நேரும் குறைவு சிறிது. இரும்புச்சத்தால் நேர்வது மிகுதி. இடையே இரண்டு மூன்று மணி நேரம் விடவேண்டும்.

வெயிலும் கவனத்துக்குரியது. இம்மாத்திரை உடலில் இருக்கும்போது சிலருக்குச் சிறிது வெயிலிலேயே தோல் சிவந்து கொப்பளிக்கும். மரநிழலில் பால் வெட்டுவோரைவிட, புதுநடவில் வெளிக்காட்டு வேலை செய்வோருக்கே இத்தொல்லை அதிகம். நீண்ட கைச்சட்டையும் அகன்ற தொப்பியும் அணிந்துகொள்க.

ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் விழுங்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டதாயின் விட்டதை விட்டுவிடுக; இரண்டாகச் சேர்த்து விழுங்கலாகாது. கள்ளும் சம்சுவும் நாள்தோறும் பருகுவோர் உடலில் இம்மருந்து விரைவாகக் கழிந்துவிடும். அப்பழக்கத்தை மருத்துவரிடம் மறைப்பதால் நட்டம் நமக்கே.

எஞ்சிய மாத்திரையை அடுத்த வீட்டாருக்குக் கொடுப்பது உதவியாகத் தோன்றலாம். ஆனால் அவ்வீட்டிலிருப்பவர் கர்ப்பிணியாயின், பொதுவாக மருத்துவர் வேறு மருந்தையே தேர்ந்தெடுப்பார். டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் வளரும் பற்களில் கறை படியச் செய்வதால், எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மருத்துவரே நோயின் கடுமையை எண்ணிப் பார்த்துத்தான் கொடுப்பார். அடுத்த வீட்டுக் காய்ச்சல் டெங்கியாக இருந்தாலோ, அது வைரஸால் வருவதாதலின் இம்மாத்திரை எவ்விதப் பயனும் தராது. மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நேரம் வீணாகும். அந்த ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து நேரலாம். 1952-ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டத்தின்கீழ் மருத்துவரின் மருந்துச்சீட்டுக்கே இத்தகைய மருந்தை வழங்குவது இதனால்தான்.

மாத்திரை உண்டபின் உடம்பில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல், கடுந்தலைவலியோடு பார்வை மங்கல், ஓயாத வயிற்றுப்போக்கு ஆகியவற்றுள் எது தோன்றினும் மருந்தை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குச் செல்க.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிற்றுண்ணி கடித்த இடத்தில் வலியற்ற கரும்பொருக்கு ஒன்று உண்டாவதுண்டு; அக்குளிலோ தொடையிடுக்கிலோ அது மறைந்திருக்கும். கூச்சத்தால் பலர் அதைக் காட்டுவதில்லை. நகரத்திலிருந்து வந்த இளம் மருத்துவருக்கு நாம் புதரிலும் சேற்றிலும் உழைப்பது தெரியாமல் இருக்கலாம். செய்யும் வேலை, காய்ச்சல் தொடங்கிய நாள், உடலில் கண்ட பொருக்கு ஆகிய மூன்றையும், அவர் கேட்கும்வரை காத்திராமல், நாமே முதலில் சொல்லிவிடுவோம்.