ஏடிசி வேலை: ஏர்போர்ட் கைமாறினால் டவர் என்னாகும்?

புதுச்சேரி காலாப்பட்டில் பல்கலைக்கழகத்திலும் பக்கத்துப் பொறியியல் கல்லூரியிலும் ஏடிசி (வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு) தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குத் தகுதி விவரம் தலைகீழ்ப் பாடம். இயற்பியலும் கணிதமும் சேர்ந்த பி.எஸ்சி. அல்லது பி.இ., 27 வயது வரம்பு, அடிப்படைச் சம்பளம் 40,000. உறுத்துவது வேறு: தனியார்மயம் வந்தால்? 2022 செப்டம்பரில் தனியார்மயத்தை எதிர்த்து மின்துறை ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதைப் பார்த்த ஊருக்கு இந்தக் கவலை புதிதில்லை.

இதில் ஏர்போர்ட் வேறு, டவர் வேறு. 2006-ல் டெல்லியும் மும்பையும், 2021 அக்டோபரில் திருவனந்தபுரமும் தனியார் கைக்குப் போயின. டெர்மினல், ஓடுபாதைப் பராமரிப்பு, பார்க்கிங் எல்லாம் போனாலும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு, அதாவது டவர், இந்திய விமான நிலைய ஆணையமான ஏஏஐயிடமே நின்றது. அடி வாங்கியது டெர்மினல் நிர்வாகம், சிவில், எலெக்ட்ரிக்கல் ஆட்கள். திருவனந்தபுரம் ஒப்பந்தப்படி ஓராண்டு கூட்டு நிர்வாகம், பிறகு இரண்டாண்டு டெபுடேஷன் (அயல்பணி). அதற்குள் குறைந்தது 60 சதவீதம் பேருக்குத் தனியார் நிறுவனம் வேலை தர முன்வர வேண்டும். வேண்டாம் என்றால் ஏஏஐக்கே திரும்பலாம். ஆனால் வேறு ஊருக்கு. பிள்ளை பிளஸ் டூ படிக்கும்போது டிரான்ஸ்பர் வந்தால் தெரியும் வலி.

வான்சேவையே கைமாறினால்? 2005-ல் அமெரிக்கா, விமானிகளுக்கு வானிலை விவரமும் பறப்புத் திட்ட உதவியும் தரும் நிலையங்களை லாக்ஹீட் மார்ட்டினுக்குக் குத்தகை விட்டது. அங்கே வேலை பார்த்தவர்கள் சுமார் 2,500 பேர். புது நிறுவனத்தில் வேலை கிடைத்தவர்களுக்கும் அரசுப் பணிக்காலம் அன்றோடு அறுந்தது; ஓய்வூதியத் தகுதிக்குச் சில ஆண்டுகளே பாக்கி இருந்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். பல நிலையங்கள் இழுத்து மூடப்பட்டன. நூற்றுக்கணக்கானோர் வயதுப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தார்கள். தனியார் என்றாலே இப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. கனடா 1996-ல் லாப நோக்கற்ற அமைப்பிடம் ஒப்படைத்தது. அது இன்னும் ஓடுகிறது.

கட்டுப்பாட்டாளருக்கு ஒரு பலம் உண்டு, அதுவே பலவீனமும்: ரேட்டிங் (பணித் தகுதிச் சான்று) அந்தந்த இடத்துக்குத்தான். சென்னை ரேட்டிங்கை வைத்துக்கொண்டு திருச்சியில் மைக் பிடிக்க முடியாது. அங்கே மறுபடி பயிற்சி, மறுபடி தேர்வு. ராத்திரியோடு ராத்திரியாக உங்களை மாற்றவும் முடியாது, நீங்கள் நினைத்தபடி தாவவும் முடியாது.

ஆகவே ஒருவேளை டவரும் கைமாறி, டெபுடேஷன் தாள் மேசைக்கு வந்தால் சம்பள வரியில் நிற்காதீர்கள். பணிமூப்பு தொடருமா, பி.எஃப். யார் கட்டுவார், திரும்பி வரும் உரிமை எந்தத் தேதி வரை? பதிலை எழுத்தில் வாங்குங்கள். கையெழுத்துக்கு முன் நகலைச் சங்கத்தில் காட்டுங்கள்.